பழைய உலகும் புதிய உலகும்: முந்திரிகை மதுவின் இரு மரபுகள்

பழைமைக்கும் புதுமைக்கும் இடையிலான வழக்கு இலக்கியத்துக்கும் சமயத்துக்கும் மட்டும் உரியதன்று. உண்பொருளும் பருகுபொருளும்கூட அவ்வழக்கிற்கு உட்பட்டவையே. முந்திரிகைப் பழத்தின் சாற்றை நொதிக்கவைத்துப் பெறப்படும் வைன் என்னும் மதுவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அம்மதுவை விற்போரும் வாங்குவோரும் அதுபற்றி எழுதுவோரும் உலகத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவர். பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல், ஜேர்மனி முதலான ஐரோப்பிய நாடுகள் பழைய உலகு எனப்படும். ஐக்கிய அமெரிக்கா, ஆர்ஜென்ரீனா, சிலி, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகியன புதிய உலகு எனப்படும். வைனை அறியப் புகும் ஒருவர் எதிர்கொள்ளும் முதற் பாகுபாடு இதுவே. இது எதனைக் குறிக்கின்றது, எதனைக் குறிக்கவில்லை என்பதைத் தெளிந்துகொண்டால், அவர் பின்னர் கற்கவேண்டியவற்றுட் பெரும்பகுதி எளிதாகிவிடும்.

இப்பெயர்கள் மதுவின் சுவையிலிருந்து தோன்றியவை அல்ல. ஐரோப்பியர் கடல்கடந்து சென்று நிலங்களைக் கைப்பற்றிய காலத்தின் மொழியிலிருந்து வந்தவை. தாம் வாழ்ந்த பகுதியைப் பழையதென்றும் தாம் சென்று குடியேறிய பகுதியைப் புதியதென்றும் அவர்கள் அழைத்தனர். அந்நிலங்களில் வழிவழியாக வாழ்ந்த மக்களுக்கு அவை புதியவையாக இருந்திருக்க இயலாது. மேலும், புவியியலில் ஆபிரிக்கா பழைய உலகத்தின் பகுதியாகவே கருதப்படும். வைன் வணிகத்திலோ தென்னாபிரிக்கா புதிய உலகாகிவிடுகின்றது. எனவே, இங்குப் ‘புதியது’ என்பதற்கு ‘ஐரோப்பியக் குடியேற்றத்துடன் முந்திரிகைக் கொடி சென்றடைந்த நிலம்’ என்பதே உண்மையான பொருளாகும்.

தொன்மையை அளவுகோலாகக் கொள்ளினும் மேற்கு ஐரோப்பாவுக்கு முதலிடம் இல்லை. கருங்கடலுக்குக் கிழக்கேயுள்ள ஜோர்ஜியாவில், ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மட்பாண்டங்களில் முந்திரிகை மதுவின் எச்சங்கள் கண்டறியப்பட்டமை 2017 இல் அறிவிக்கப்பட்டது. பண்டைத் தமிழரும் பிறநாட்டு மதுவை அறியாதவர் அல்லர். யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகி மகிழ்வதனை நக்கீரரின் புறநானூற்றுப் பாடல் ஒன்று குறிப்பிடுகின்றது. அரிக்கமேட்டில் 1945 இல் மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில், மத்தியதரைக்கடல் நாடுகளின் அம்போரா என்னும் மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்புளூஸ், இன்று பரூச் எனப்படும் பாரிகாசாத் துறைமுகத்தில் இத்தாலிய மது ஏனையவற்றினும் விரும்பப்பட்டது என்று கூறும். நாட்டின் பெயர்கொண்டு மதுவைத் தரம்பிரிக்கும் வழக்கம் அக்காலத்திலேயே இந்துமாக்கடற் கரையை எட்டிவிட்டது.

இன்றைய இரு மரபுகளுக்கும் இடையிலுள்ள முதல் வேறுபாடு போத்தலின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் பெயர்ச்சீட்டிலேயே புலப்படும். பழைய உலகின் பெயர்ச்சீட்டு பெரும்பாலும் ஊரின் பெயரைக் கூறும். புதிய உலகின் பெயர்ச்சீட்டு பழவகையின் பெயரைக் கூறும். பிரான்சிலிருந்து வரும் போத்தலில் ஷாப்லி என்று எழுதப்பட்டிருப்பின், அது ஓர் ஊரின் பெயராகும். அது ஷார்டொனே என்னும் வெள்ளை முந்திரிகையினால் ஆயது என்பதை வாங்குபவரே அறிந்திருத்தல் வேண்டும். அவ்வாறே சான்செர் என்பது சோவிஞ்ஞோன் பிளாங்கையும், பேர்கண்டிச் செவ்வைன் பினோ நுவாரையும், இத்தாலியின் பரோலோ நெபியோலோவையும் உட்கொண்டவை. ஸ்பெயினின் ரியோஹாச் செவ்வைனில் தெம்பிரானிய்யோ என்னும் வகையே மேலோங்கும். கலிபோர்னியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ ஆக்கப்பட்ட போத்தல் இத்தகைய முன்னறிவை வேண்டுவதில்லை. ஷார்டொனே, ஷிறாஸ், கபர்னே சோவிஞ்ஞோன் என்று பழவகையையே அது வெளிப்படையாகச் சொல்லிவிடும். ஜேர்மனியரும் பிரான்சின் அல்சாஸ் மாநிலத்தாரும் றீஸ்லிங் முதலிய வகைப்பெயர்களை நெடுங்காலமாக எழுதி வருகின்றனர் என்பது இவ்விதிக்கு விலக்காகும்.

இவ்வேறுபாடு அச்சுமுறை பற்றியதாகத் தோன்றினும், அதன் அடியில் ஒரு கொள்கை உண்டு. ஊரின் பெயரை எழுதுபவன், மதுவின் குணத்தை அமைப்பது நிலமே என்று கருதுகின்றான். மண், சரிவு, வெயில், காற்று, அவ்விடத்து உழவர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட முறை ஆகிய யாவும் சேர்ந்ததனைப் பிரெஞ்சு மொழியில் தெருவார் என்பர். இலங்கையருக்கு இக்கருத்தை விளக்கத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தேயிலை ஒரே இனச் செடியாயினும், நுவரெலியாத் தேயிலையும் டிம்புலத் தேயிலையும் ஊவாத் தேயிலையும் சுவையில் வேறாவன. ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் வறண்ட கச்சான் காற்று ஊவாத் தேயிலைக்கு அதற்கே உரிய மணத்தைத் தருகின்றது. தேயிலை வணிகர் தோட்டத்தின் பெயரையும் உயரத்தையும் கேட்பது இதனாலேயே.

தெருவார் என்னும் சொல்லுக்கு நெருங்கிய தமிழ்ச் சொல் ஒன்றும் உண்டு. ஈழத்து இலக்கிய விமரிசனத்தில் 1950களிலும் 1960களிலும் பெரிதும் வழங்கிய மண்வாசனை என்பதே அது. ஆயின் அச்சொல் ஆற்றிய பணி இரண்டு இடத்தும் ஒன்றன்று. ஈழத்தில், தமிழகத்தின் அளவுகோலால் தம்மை அளத்தல் ஆகாதென்று கூறியோர் மண்வாசனையைத் தம் உரிமைக்குரலாகக் கொண்டனர். வைன் உலகிலோ, ஏற்கனவே முதன்மை பெற்றிருந்த நிலங்கள் தம் முதன்மையைக் காப்பதற்கு அதனைப் பயன்படுத்தின. ஒரு கொள்கை எவர் கையில் இருக்கின்றது என்பதைப் பொறுத்து அதன் முகமும் மாறும்.

பிரான்சு இக்கொள்கையைச் சட்டமாகவும் ஆக்கியது. போர்தோ மாநிலத்தின் செவ்வைன் தோட்டங்களுட் சிறந்தன 1855 இல் ஐந்து தரங்களாக வகுக்கப்பட்டன. அவ்வரிசையில் பின்னர் நிகழ்ந்த பெயர்பெற்ற மாற்றம், 1973 இல் மூட்டோன் றொத்சீல்ட் தோட்டம் இரண்டாம் தரத்திலிருந்து முதலாம் தரத்துக்கு உயர்த்தப்பட்டமையாகும். 1935 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே, எந்த ஊரில் எந்தப் பழவகையை நடலாம், ஒரு நிலப்பரப்பில் எவ்வளவு விளைவு பெறலாம், எவ்வாறு மது ஆக்கலாம் என்பன வரையறுக்கப்பட்டன. இவ்வரையறைகளுக்கு அமைந்த மதுவே ஊரின் பெயரைத் தாங்கலாம். புதிய உலகின் உழவனுக்கு இத்தகைய கட்டுப்பாடு குறைவு. எப்பழத்தை எங்கு நடுவது, நீர் பாய்ச்சுவதா இல்லையா, எந்தப் பழங்களைக் கலப்பது என்பவற்றை அவனே தீர்மானிக்கலாம். ஒரு மரபில் முன்னோரின் முடிவு சட்டமாக நிற்கின்றது. மற்றையதில் ஒவ்வோர் ஆண்டும் முடிவு புதிதாக எடுக்கப்படுகின்றது.

இனி, சுவையிலுள்ள வேறுபாட்டை நோக்கலாம். முந்திரிகைப் பழம் முதிரும்பொழுது அதில் வெல்லம் கூடும், அமிலம் குறையும். நொதித்தலின்போது மதுவம் என்னும் நுண்ணுயிர் வெல்லத்தை மதுசாரமாக மாற்றும். ஆகவே, வெயில் மிகுந்த நிலத்துப் பழம் மதுசாரம் மிக்கதும் புளிப்புக் குறைந்ததும் நாவில் நிறைந்து நிற்பதுமான வைனைத் தரும். குளிர்ந்த நிலத்துப் பழம் மதுசாரம் குறைந்ததும் புளிப்புக் கூடியதும் மெலிந்ததுமான வைனைத் தரும். பழைய உலகின் புகழ்பெற்ற தோட்டங்கள் பல குளிர்ந்த வடபகுதிகளிலும், புதிய உலகின் தோட்டங்கள் பல வெயில் மிகுந்த பகுதிகளிலும் அமைந்தமையால், முன்னையவை நூற்றுக்கு 12 அல்லது 13 வீத மதுசாரமும் பின்னையவை 14 வீதமும் அதற்கு மேலும் கொண்டிருத்தல் நெடுங்காலம் வழக்கமாயிற்று. பழைய உலகின் மதுவில் மண், காய்ந்த இலை, தோல் ஆகியவற்றை ஒத்த மணங்களும், புதிய உலகின் மதுவில் கனிந்த பழத்தின் மணமும் மேலோங்கும் என்று பொதுவாகக் கூறுவர்.

இவற்றை நாவால் அறிவதற்குத் தமிழ் கற்றவருக்கு ஒரு வசதி உண்டு. அறுசுவையுள் துவர்ப்பைத் தனிச்சுவையாக எண்ணும் மரபு தமிழிலே தொன்மையானது. செவ்வைனின் அமைப்பில் இத்துவர்ப்பே தலையாயது. பழத்தின் தோலிலும் விதையிலும் உள்ள தனின் என்னும் பொருள், உமிழ்நீரிலுள்ள புரதத்துடன் சேர்ந்து நாவை உலரச்செய்வதால் அது தோன்றுகின்றது. பால் கலவாத கடுந்தேநீரைப் பருகியவர் எவரும் இவ்வுணர்வை அறிவர். புளிப்பு வாயில் நீர் ஊறச்செய்யும். துவர்ப்பு வாயை உலரச்செய்யும். இவ்விரண்டையும் பிரித்தறியப் பழகிய ஒருவர், வைனைச் சுவைக்கும் கலையின் முதற்படியைக் கடந்தவராவார். புதிய ஓக் மரப் பீப்பாவில் மதுவை முதிரவைக்கும்பொழுது வனிலாவையும் தேங்காயையும் நினைவூட்டும் மணங்கள் ஏறும். அமெரிக்க ஓக்கில் இம்மணம் பிரெஞ்சு ஓக்கினும் வெளிப்படையானது.

ஆயினும், இப்பொதுவிதிகளை அளவுக்கு மீறி நம்புதல் தகாது. அமெரிக்க ஓக் பீப்பாவை மரபாகப் பயன்படுத்தி வந்த வட்டாரங்களுள் பழைய உலகின் ரியோஹாவும் ஒன்று. ஸ்பெயினின் தென்பகுதியும் சிசிலித் தீவும் வெயிலிற் குறைந்தவை அல்ல. நியூசிலாந்தின் தென்தீவும் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவும் குளிர்ந்தவை. புவி வெப்பமுறுவதனால் போர்தோவிலேயே 14 வீத மதுசாரம் இன்று புதுமையன்று. அங்கு வெப்பத்தைத் தாங்கவல்ல ஆறு புதிய பழவகைகளுக்கு 2021 இல் இசைவு வழங்கப்பட்டது. சட்டத்தினால் உறுதியாக்கப்பட்ட மரபும் காலநிலைக்கு முன் நெகிழவேண்டியதாயிற்று.

இரு உலகங்களும் தனித்தனியே வளர்ந்தவை என்ற எண்ணமும் வரலாற்றின் முன் நிலைபெறாது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியது 1658 இல். அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரியான யான் வான் றீபேக், தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் முதல் வைன் பிழியப்பட்டதைத் தம் நாட்குறிப்பிற் பதிந்தது 1659 பெப்ரவரி 2 ஆம் நாள். ஜேம்ஸ் பஸ்பி என்பார் 1831 இல் ஸ்பெயினிலும் பிரான்சிலும் சுற்றித் திரட்டிய கொடித்தண்டுகள் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றன. அந்நாட்டின் பரோசாப் பள்ளத்தாக்கில் 1840களில் நடப்பட்ட ஷிறாஸ் கொடிகள் சில இன்றும் காய்க்கின்றன. ஐரோப்பாவில் அத்துணை முதிய கொடிகளைக் காண்பது அரிது. ஆர்ஜென்ரீனாவின் பெருமையாகிய மல்பெக், பிரான்சின் தென்மேற்கிலுள்ள கஹோர் பகுதிக்கு உரியது. 1853 இல் மிஷேல் பூஷே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் வழியாக மென்டோசாவை அடைந்தது. போர்தோவில் ஏறத்தாழ மறைந்துபோன கார்மெனேர் என்ற வகை, சிலியில் மெர்லோ என்ற பெயரில் மறைந்து வாழ்ந்தமையை 1994 இல் பிரெஞ்சுக் கொடியியலாளர் ஒருவர் கண்டறிந்தார்.

ஐரோப்பாவில் முதிய கொடிகள் அரிதானமைக்கு ஒரு பேரழிவே முதன்மைக் காரணம். பைலொக்செரா என்னும் நுண்பூச்சி வட அமெரிக்காவிலிருந்து கொடிகளுடன் வந்து, 1860களில் பிரான்சின் தோட்டங்களிற் பரவியது. வேரைத் தாக்கும் அப்பூச்சியை ஐரோப்பியக் கொடியினால் தாங்க இயலவில்லை. தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன; உழவர் பலர் வாழ்விழந்து ஊர்விட்டு நீங்கினர். மருந்துகள் பலவற்றின் பின், நிலையான தீர்வு நோய் வந்த திசையிலிருந்தே கிடைத்தது. அப்பூச்சியுடன் நெடுங்காலம் வாழ்ந்து பழகிய அமெரிக்கக் கொடியின் வேர் அதன் தாக்குதலைத் தாங்கவல்லது. ஆகவே அமெரிக்க அடிக்கட்டையின் மேல் ஐரோப்பியக் கொடி ஒட்டப்பட்டது. அன்றுதொட்டு ஐரோப்பாவின் தோட்டங்களுட் பெரும்பாலானவை அமெரிக்க வேரின் மீதே நிற்கின்றன. மண்ணைத் தொடுவதும் மண்ணின் நீரை உறிஞ்சுவதும் புதிய உலகின் வேரே. மறுபுறத்தில், பைலொக்செரா பெரிதும் அணுகாத சிலி நாட்டில் ஐரோப்பியக் கொடிகள் பல இன்றும் தம் சொந்த வேரில் நிற்கின்றன.

இவ்வாறு உறவுகொண்ட இரு மரபுகளும் நேருக்குநேர் ஒப்பிடப்பட்ட நிகழ்ச்சி, 1976 மே 24 ஆம் நாள் பாரிஸ் நகரில் நடைபெற்றது. அங்கு மதுக்கடை நடத்திவந்த ஆங்கிலேயரான ஸ்டீவன் ஸ்பரியர், அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டினையொட்டி அதனை ஒழுங்குசெய்தார். கலிபோர்னியாவின் ஷார்டொனே ஆறும் பேர்கண்டியின் வெள்ளை வைன் நான்கும் ஒரு தொகுதி. கலிபோர்னியாவின் கபர்னே சோவிஞ்ஞோன் ஆறும் போர்தோவின் செவ்வைன் நான்கும் மற்றொரு தொகுதி. பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. புள்ளிகள் கணிக்கப்பட்ட நடுவர் ஒன்பதின்மரும் பிரெஞ்சுக்காரர், அனைவரும் துறைபோகியவர்கள். ஒவ்வொரு மதுவுக்கும் 20 இற்கு இத்தனை எனப் புள்ளியிட்டனர். வெள்ளை வைனில் முதலிடம் பெற்றது 1973 ஆம் ஆண்டு விளைந்த ஷாத்தோ மொன்ரெலீனா. செவ்வைனில் முதலிடம் பெற்றது அதே ஆண்டின் ஸ்டாக்ஸ் லீப். இரண்டும் கலிபோர்னியாவின் நாபாப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. செவ்வைனில் இரண்டாம் இடம், மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் முதலாம் தரத்துக்கு உயர்த்தப்பட்ட மூட்டோன் றொத்சீல்டுக்குக் கிடைத்தது. நடுவருள் ஒருவர் கலிபோர்னிய மதுவைப் பருகிவிட்டு, மீண்டும் பிரான்சுக்கு வந்துவிட்டதாக மகிழ்ந்தார் என, அங்கிருந்த ஒரே பத்திரிகையாளரான ‘ரைம்’ சஞ்சிகையின் ஜோர்ஜ் ரேபர் பதிவுசெய்தார்.

இம்முடிவைப் பழைய உலகின் தோல்வி என்று மட்டும் கொள்வது மேலோட்டமான நோக்காகும். செவ்வைன் வரிசையில் முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடையிலிருந்த வேறுபாடு மிகச் சொற்பம்; இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்கள் யாவும் போர்தோவுக்கே சென்றன. வென்ற மதுக்களை ஆக்கியவர்களை நோக்கின் உண்மை மேலும் தெளிவாகும். மொன்ரெலீனாவின் வெள்ளை வைனை ஆக்கிய மைக் கேர்கிச், 1923 இல் குரோவேசியாவில் முந்திரிகை பயிரிடும் குடும்பத்திற் பிறந்து, 1958 இல் நாபாவை வந்தடைந்தவர். ஸ்டாக்ஸ் லீப்பின் வொறன் வினியார்ஸ்கி, சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய பணியைக் கைவிட்டு, 1964 இல் அங்கு சென்று தோட்டத்தில் தொழில் பயின்றவர். ஆகவே புதிய உலகின் வெற்றி, பழைய உலகின் பழத்தினாலும் பழைய உலகின் கைத்திறனினாலும் வந்ததொன்றாகும். கலிபோர்னிய மது ஆண்டுகள் செல்ல நிலைக்காது என்று அப்போது கூறப்பட்ட மறுப்புக்கும் விடை கிடைத்தது. அதே செவ்வைன்கள் 2006 இல் மீண்டும் பெயர் மறைத்துச் சுவைக்கப்பட்டபொழுது, முதல் ஐந்து இடங்களையும் கலிபோர்னியாவே பெற்றது.

பெயரை மறைத்து மதிப்பிடுதல் இலக்கிய மாணவர்க்குப் புதிய செய்தியன்று. கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. றிச்சர்ட்ஸ், ஆசிரியர் பெயர் நீக்கிய கவிதைகளை மாணவர்க்கு வழங்கி, அவர்தம் கருத்துகளை ஆராய்ந்து, 1929 இல் நூலாக வெளியிட்டார். புகழ்பெற்ற பெயரின் துணையின்றிக் கவிதையை எதிர்கொண்டபொழுது மாணவர் எவ்வளவு தடுமாறினர் என்பதை அந்நூல் காட்டியது. பாரிஸ் நடுவரின் நிலையும் அத்தகையதே. அவர்கள் நா அறியாதவர்கள் அல்லர். நாவின் தீர்ப்பைப் பெயர் எவ்வளவு தாங்கிப்பிடித்திருந்தது என்பதை அன்றுவரை அறியாதிருந்தனர். இது மதுவை விலக்கி வாழ்வோருக்கும் பொருந்தும் பாடமாகும். எழுதியவர் யார், எந்த ஊரார், எந்தப் பல்கலைக்கழகத்தினர் என்பதை அறிந்த பின்னரே ஆக்கத்தைத் திறக்கும் வழக்கம் எங்கும் உண்டு.

எனினும், பெயரை மறைத்தல் ஆராய்ச்சியின் தொடக்கமே, அது முடிவாகாது. கவிதையின் காலமும் சூழலும் அறியாதவர் அதன் பொருளில் ஒரு பகுதியை இழப்பர் என்பது றிச்சர்ட்ஸின் முறைக்குப் பின்னர் எழுந்த நியாயமான மறுப்பாகும். வைனுக்கும் இது பொருந்தும். ஷாப்லியின் கூர்மையான புளிப்பு, அவ்வூரின் குளிரை அறிந்தவருக்குக் குறையாகத் தோன்றாது. பரோசாவின் கனத்த மது, அதன் வெயிலை அறிந்தவருக்கு மிகையாகத் தோன்றாது. முதலில் நா சொல்வதைக் கேட்டு, பின்னர் பெயர் சொல்வதைக் கேட்பதே தக்க ஒழுங்காகும்.

ஆதலின், ஒப்பிட்டறிய விரும்பும் தொடக்கநிலையாளர் ஒரே பழவகையின் இரு மதுக்களை அருகருகே வைத்தல் நன்று. சான்செரையும் நியூசிலாந்தின் மார்ல்பறோவில் விளைந்த சோவிஞ்ஞோன் பிளாங்கையும் ஒரு சோடியாகக் கொள்ளலாம். கஹோர் மல்பெக்கும் மென்டோசா மல்பெக்கும் மற்றொரு சோடி. பிரான்சின் வட றோன் பள்ளத்தாக்குச் சிறாவும் பரோசா ஷிறாஸும் மூன்றாவது சோடி. பெயர் வேறாயினும் பழம் ஒன்றே. இரண்டும் ஏறத்தாழ ஒரே விலையிலும் ஒரே வயதிலும் இருத்தல் வேண்டும். இன்றேல் ஒப்பீடு நேர்மையுடையதாகாது. போத்தல்களைத் தாளினாற் சுற்றி, வேறொருவரைக் கொண்டு குவளைகளிற் சிறிதளவே வார்க்கச்செய்தல் வேண்டும். முதலில் மணம், அடுத்துப் புளிப்பு, பின்னர் துவர்ப்பு, அதன்பின் தொண்டையில் தோன்றும் மதுசாரத்தின் வெம்மை, இறுதியில் விழுங்கிய பின்னும் நிற்கும் சுவையின் நீளம் என ஐந்தினையும் முறையே குறித்துக்கொள்ளலாம். சுவைத்ததை விழுங்காது உமிழ்வதே தொழில்முறைச் சுவைஞரின் வழக்கம். கொழும்பின் தேயிலைச் சுவைஞரும் அவ்வாறே செய்வர். குறிப்பெழுதி முடித்த பின்னரே தாளை நீக்குதல் வேண்டும்.

அவ்வாறு பலமுறை செய்தவருக்குப் பழைய உலகு, புதிய உலகு என்ற பெயர்கள் உயர்வு தாழ்வைக் குறிப்பனவாகத் தோன்றா. ஒன்று நிலத்தின் பெயரால் தன்னை அறிவிக்கும். மற்றையது பழத்தின் பெயரால் தன்னை அறிவிக்கும். ஒன்றன் வலிமை நினைவில் உள்ளது. மற்றையதன் வலிமை முயற்சியில் உள்ளது. நினைவு முயற்சியை இழந்தால் வெறும் உரிமைப்பத்திரமாகிவிடும். முயற்சி நினைவை இழந்தால் ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும். பேர்கண்டியின் சரிவுகளில் அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியக் கொடி தளிர்த்துக் காய்க்கின்றது. அந்தக் கொடியிலிருந்து வேரைப் பிரித்தெடுத்தால் எஞ்சுவது பட்ட தண்டே.